சட்டமும் வரலாறும் இணைத்துப் பயில்க!

சட்டம் ஒரு முடிவு. வரலாறு அம் முடிவுக்கு வந்த வழி. வழியறியாதார் முடிவை நெட்டுருச் செய்யலாம். அதன் சரி பிழைகளை எடைபோட இயலாது.

இவ்விரண்டையும் பல்கலைக்கழகத்தில் இணைத்துக் கற்பித்தல் புதுமையன்று. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் 1850-இல் இரண்டையும் ஒரே பாடப்பிரிவாக அமைத்து, 1872-இல் பிரித்தது. நம் நாட்டில் 1980-களில் தோன்றிய ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும் வரலாறு கலைப்பாடங்களுள் ஒன்றாக இடம்பெறுகின்றது. ஆயினும் மாணவர் பலர் அதனைத் தேர்வெழுதிக் கழிக்கும் சுமையாகவே கருதுகின்றனர். அஃது எத்துணைக் கேடு என்பதற்கு நம் சட்ட வரலாறே சான்று.

திருமணம், மரபுரிமை ஆகியவற்றில் இந்துக்களுக்கு வடமொழி நூல்களே சட்டம் என, 1772-இல் வாரன் ஏசுட்டிங்சு வங்காளத்தில் ஏற்பாடு செய்தார். வில்லியம் சோன்சு 1794-இல் மனுநூலையும், கோல்புரூக்கு 1810-இல் மிதாட்சரத்தின் மரபுரிமைப் பகுதியையும் ஆங்கிலத்தில் தந்தனர். அம்முறை சென்னை மாகாணத்திலும் புகுந்தது. கல்யாணிச் சாளுக்கியர் காலத்து வடமொழி உரையொன்று, அதன் பெயரையே கேட்டறியாத மதுரை உழவனின் பங்குப் பிரிவினையை முடிவு செய்யலாயிற்று!

இதனை எதிர்த்து எழுதியவர் யார்? மதுரை நாட்டின் வரலாற்றை 1868-இல் நூலாக்கிய நெல்சன் என்னும் ஆங்கில அலுவலர். அவ்வடநூல்கள் இம் மாகாணத்து மக்களுள் மிகப் பலர்க்கு என்றுமே சட்டமாக இருந்ததில்லை என்று 1877-இல் அவர் எடுத்துரைத்தார். மண்ணின் வரலாற்றைத் துருவிய கண்ணுக்கே அப் பிழை புலப்பட்டது. உயர்முறைமன்றமோ அவர் வழிச் செல்லவில்லை.

இத்தனைக்கும், இராமநாதபுரம் சேதுபதி மரபின் மகவேற்பு வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலினும் வலியது என்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1868-இலேயே உரைத்திருந்தது. கதவு திறந்தே இருந்தது; வழக்காறுகளை முறையாகத் தொகுத்து அதன்வழிக் கொண்டு செல்வார்தாம் அருகியிருந்தனர். யாழ்ப்பாணத்திலோ, ஒல்லாந்தர் ஆட்சி 1707-இலேயே தமிழர் வழக்குகளைத் தொகுத்தெழுதுவித்தது. தேசவழமை என்னும் அத்தொகுப்பு இன்றும் அங்குச் சட்டமாக நிற்கின்றது.

ஊர்வழக்கெல்லாம் உயர்ந்தவை என்பதன்று நம் கருத்து. சாதிக் கொடுமையும் பெண்ணடிமையும் வழக்கம் என்னும் போர்வைக்குள் வாழ்ந்தனவே! காக்கத்தக்கதையும் களையத்தக்கதையும் பிரித்தறியவும் வரலாறே வேண்டும். கூட்டுக்குடும்ப உடைமையில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் இந்திய அரசும் சட்டம் திருத்தின. அத் திருத்தத்தை மட்டும் படிப்பவன் ஒரு பிரிவைக் கற்கின்றான். மிதாட்சரம் நம்மிடை வந்த வரலாற்றொடு படிப்பவன், அவ்வுரிமை எதனால் அதுகாறும் மறுக்கப்பட்டது என்பதையும் கற்கின்றான்.

தமிழிளைஞர்களே! சட்டம் பயிலச் செல்வீராயின் வரலாற்றையும் உடன் பயிலுங்கள். ஒவ்வொரு பிரிவையும் நோக்கி, இதனை எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினார், எம்மொழி நூலைச் சான்றாகக் கொண்டார் என வினவுங்கள். நில விற்பனையும் வழக்குத் தீர்வும் பொறித்த கோயிற் கல்வெட்டுகளையும், ஓலை ஆவணங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களும் இச்சான்றுகளைச் சட்ட வகுப்பிற்குள் கொண்டுவருதல் வேண்டும். தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கக் கல்லாத இனத்திற்குப் பிறர் எழுதியதே சட்டமாகும்!