டேமேஜர் விசாவும் எங்கூரு மேஸ்திரியும்

லீவுக்கு வந்த நண்பர் ஒருத்தர் கூனிமேடு டீக்கடையில உக்காந்து பெருமையா சொன்னார்: "ஹெச்-1பில ஆறு வருஷம் ஆணி புடுங்கினேன். அப்புறம் ஒரே ஒரு வருஷம் சென்னையில மேனேஜர்னு பேரு போட்டுக்கிட்டு எல்-1ஏல திரும்பிப் போனேன். கிரீன் கார்டு கைக்கு வந்துடுச்சு. மூளை வேணும்டா மாப்ள!"

அங்கேயே சண்டை. டீ ஆறிப்போச்சு. மிச்சத்த இங்க கொட்டுறேன், பொறுத்துக்குங்க மக்களே.

அவர் சொன்னது ஈபி-1சி. அமெரிக்காவோட 1990 குடியேற்றச் சட்டத்துல வந்த வகை. பன்னாட்டுக் கம்பெனி தன் மேனேஜரையோ நிர்வாகியையோ அமெரிக்கக் கிளைக்கு நிரந்தரமா கூட்டிக்கிறதுக்கு. வெளிநாட்டுக் கிளையில ஒரு வருஷமாவது அந்தப் பொறுப்புல இருந்திருக்கணும். ஈபி-2, ஈபி-3ல நிக்கிறவனுக்கு விளம்பரம் குடுத்து, "இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் இல்லை"ன்னு தொழிலாளர் துறையில நிரூபிக்கணும். இவங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. (1680கள்ல கிழக்கிந்தியக் கம்பெனி இதே கூனிமேட்டுல பண்டகசாலை வெச்சிருந்துச்சு. கம்பெனி அனுப்பி வந்த அந்தத் துரைங்ககிட்ட எவன் விசா கேட்டான்? சரி, அத விடுங்க.)

இப்ப மேனேஜர்னா யாரு? மரக்காணம் உப்பளத்துல எனக்குத் தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் முப்பது பேரை வெச்சு வேலை வாங்குறார். எந்தப் பாத்திக்கு எப்ப தண்ணி விடணும், எப்ப உப்பு வாரணும், நாளைக்கு யார் வேலைக்கு வரணும், எல்லாம் அவர் வாக்குதான். ஆனா அந்தச் சட்டப்படி அவர் மேனேஜர் இல்லை. நேரடியா வேலையாட்களை மேய்க்கிறவர் கணக்குல வரணும்னா கீழ இருக்கறவங்க படிச்ச 'புரொஃபஷனல்' ஆட்களா இருக்கணும். மென்பொருள் கம்பெனியிலதான் எல்லாரும் பட்டதாரியாச்சே! நாலு பேரைக் கட்டம் கட்டி மேல ஒருத்தன் பேரை எழுதினா டேமேஜர் ரெடி :-)

அப்படி ஒரு கட்டத்துல நானும் இருந்தேன். பழைய கம்பெனியில (பேரு வேணாம்) தற்செயலா ஒரு ஆர்க் சார்ட் கண்ணுல பட்டுச்சு. நானும் இன்னும் மூணு பேரும் ஒருத்தருக்குக் கீழ. அந்த ஆள்கிட்ட நான் ஒரு நாள்கூட வேலை பாத்ததில்லை. எனக்கு அப்ரைசல் போட்டவரும், லீவு குடுத்தவரும் வேற. ஹெச்.ஆர்.ல கேட்டேன். "உனக்கென்ன நஷ்டம்?"னாங்க.

நஷ்டம் எனக்கில்லை, வரிசையில நிக்கிறவனுக்கு. வருஷத்துக்குச் சுமார் 1,40,000 வேலைவழி கிரீன் கார்டு. அதுல மனைவி, குழந்தைங்களும் அடக்கம். ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு. ஈபி-1ல மிச்சமானா ஈபி-2க்கு வழியும், அங்க மிச்சமானா ஈபி-3க்கு. மேல் பாத்தியில நிறைஞ்சாத்தான் கீழ் பாத்திக்குத் தண்ணி, உப்பளக் கணக்கேதான். 2024 அக்டோபர் நிலவரப்படி இந்தியர்களுக்கு ஈபி-1ல வெட்டுத்தேதி 2022 பிப்ரவரி 1. ஈபி-2ல 2012 ஜூலை 15! ஒவ்வொரு பொய் டேமேஜரும் மேல நின்னு உறிஞ்சறது கீழ காயறவனோட தண்ணியை. நிஜமாவே ஒரு கிளையை நடத்திட்டுப் போற மேனேஜருக்கும் இதே வரிசைதான். அவரும்தான் காத்திருக்கார்.

"சட்டம் இடம் குடுக்குது, போறோம். நீ ஏன் எரியற?"ன்னார் நண்பர். நிஜ மேனேஜருக்குத்தான் சட்டம் இடம் குடுக்குது. கீழ ஆளே இல்லாம ஒரு முக்கியமான துறையை நிஜமா நிர்வகிச்சாக்கூட ஒத்துக்குது. பொய்க்கட்டம் போடச் சொல்லி எந்தச் சட்டத்துலயும் இல்லை. 2025 செப்டம்பர்ல புது ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம்னு அறிவிச்சாங்க. எல்-1க்கு அது கிடையாது. இனிமே கம்பெனிகளுக்கு எந்தப் பக்கம் ஆசை வரும்னு நான் சொல்லணுமா?

நண்பர்கிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன்: "உனக்குக் கீழ போட்ட நாலு பேர் பேரைச் சொல்லு." ரெண்டு பேர் பேரைச் சொன்னார். மூணாவது வரல. கோச்சுக்கிட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டார்.

டீக்காசு நான்தான் குடுத்தேன்.