இட்டேரியைத் தள்ளும் முன் ஒரு நடை

தோட்டத்துக்குப் போகும் இட்டேரியின் இரு பக்கமும் புதர் மண்டிவிட்டது, எலியும் பூச்சியும் அங்கிருந்துதான் வருகின்றன, பொக்லைன் விட்டுத் தள்ளிவிட்டுக் கம்பிவேலி போட்டுவிடலாமா என்று காங்கேயம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொங்குப் பகுதியில் இன்று பலருக்கும் உள்ள கேள்விதான் இது.

பொக்லைனுக்கு ஒரு நாள் போதும். கிளுவை வேலி மறுபடி அடர்ந்து வரப் பல வருடம் ஆகும். அதனால் முடிவெடுக்கும் முன், ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் பொழுது சாயும் முன்பும் அந்த இட்டேரியில் மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்தச் செடி, அதில் என்ன உயிர், அது என்ன செய்கிறது என்று மூன்றையும் எழுதினால் போதும். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம்.

முதலில் கிளுவை. கோடையில் இலை உதிர்ந்து பட்டுப்போனதுபோல நிற்கும். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். ஒரு மழை விழுந்தால் தளிர்த்துவிடும். ஆட்டுக்கும் தழை கிடைக்கும். காய்ந்த வேலி என்று வெட்டிவிடக் கூடாது.

வேலிப்பருத்தியிலும் எருக்கிலும் வரிவரியான புழுக்கள் இருக்கும். அவை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். பயிருக்கு வராது, மருந்து அடிக்கத் தேவையில்லை. ஆவாரையிலும் தும்பையிலும் தேனீ வரும். காய்கறியும் எள்ளும் சூரியகாந்தியும் போடுகிறவர்களுக்கு அது வேண்டிய விருந்தாளி.

வேலியின் உச்சிக்கொம்பில் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். பறக்கிற பூச்சியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே கொம்புக்கு வரும். அடியில் நடக்கும் செம்போத்து புழுவையும் நத்தையையும் தின்னும். ஓணானுக்கும் பூச்சிதான் இரை. எலி வளைக்குப் பக்கத்தில் சாரைப்பாம்பு இருந்தால் அது எலியைத் தேடி வந்தது. சாரைக்கு விஷம் கிடையாது. ஆனாலும் எந்தப் பாம்பையும் நெருங்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வேலியைத் தள்ளினால் எலி வரப்பில் வளை போட்டுக்கொள்ளும். எலியைத் தின்னும் சாரைக்கும் கீரிக்கும் ஆந்தைக்கும்தான் இடம் இல்லாமல் போகும்.

அதற்காக இட்டேரியில் இருப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. பார்த்தீனியத்தைப் பூ எடுக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். துத்திச் செடியில் வெள்ளையாக மாவு அப்பியிருந்தால் கவனம் தேவை. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி துத்தியிலும் பார்த்தீனியத்திலும் தங்கி, மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் பரவக்கூடியது. அப்படிப்பட்ட செடிகளை மட்டும் பிடுங்கி எரித்துவிடலாம். சீமைக்கருவேல் கன்றுகளைச் சிறியதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். வழியை அடைக்கும் கிளைகளை அரிவாளால் கழித்தால் வண்டி போக இடம் கிடைத்துவிடும். பாதை நெடுகக் களைக்கொல்லி அடித்தால் தும்பையும் ஆவாரையும் சேர்ந்தே கருகும்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பல இட்டேரிகள் கிராம வரைபடத்தில் பொதுப் பாதையாக இருக்கும். கை வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புதரில் இருக்கும் கௌதாரி, உடும்பு, மயில் ஆகியவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு வாரம் நடந்த பிறகு நோட்டைப் பார்த்தால், எடுக்க வேண்டிய செடிகள் எவை, விட வேண்டியவை எவை என்று தெரிந்துவிடும். வேலியில் இடைவெளி இருக்கும் இடங்களில் மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டுவிட்டால், கம்பிக்கு ஆகும் செலவும் மிச்சம்.