வெளிச்சத்தை விலைக்கு வாங்கலாமா?



கடைசி வருடப் புராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "கடையில காசு குடுத்தா ரெடியா கிடைக்கும்டா மாப்ளே" என்று பஸ் ஏறிவிடுகிறோம். வைவாவில் "இது எப்படிப்பா வேலை செய்யுது?" என்று கேட்டால் முழி பிதுங்குகிறது. அந்தக் காசு யாருடையது? விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும் நம் அம்மாக்களின் கூலி அல்லவா!

என் கருத்து இதுதான். விலைக்கு வாங்குவதை விடுவோம். ஒரு எல்.இ.டி. பிக்சல் பலகையையாவது நம் கையால் செய்வோம்.

ராசிங்காபுரமானாலும் வீரபாண்டியானாலும், சீரியல் செட் இல்லாத திருவிழா உண்டா? அந்த நாள் ஒளிப்பலகைக்கு மோட்டாரில் சுழலும் உருளைதான் மூளை. அதில் பதித்த செப்புத் தகடு எந்த வரிசைக்கு இணைப்புக் கொடுக்கிறதோ, அந்த வரிசை பல்பு எரியும். மயில் தோகை விரித்தது அப்படித்தான்!

இன்று உருளையின் வேலையை மென்பொருள் பார்க்கிறது. 16க்கு 16 என்று வைத்தால் 256 பிக்சல். டபிள்யூ.எஸ்.2812பி வகையில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு சிப் உண்டு. தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும், பந்தி பரிமாறுகிற மாதிரி! ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோ செகண்ட். மொத்தப் பலகைக்கும் 8 மில்லி செகண்ட் கூட ஆகாது.

"5 வோல்ட்தானே, என்ன ஆகிடும்?" என்று அலட்சியம் வேண்டாம். முழு வெள்ளையில் ஒரு பிக்சல் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 256 பிக்சலுக்கு 15 ஆம்பியருக்கு மேல்! மெல்லிய வயர் போட்டால் சூடேறும். மின்னழுத்தம் குறைந்து, கடைசி வரிசையில் வெள்ளை சிவந்து தெரியும். அதனால் இரண்டு பக்கமும் சப்ளை கொடுக்க வேண்டும். ஓம் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நமக்கு, அது கண்ணெதிரே நிறம் மாறித் தெரியும் இடம் இது.

மென்பொருளுக்கும் காசு வேண்டாம். எக்ஸ்லைட்ஸ் இலவசம். ஒரு பிக்சலுக்கு 3 சேனல் வீதம் 768 சேனல். 512 சேனல் கொண்ட ஒரு தொகுதியில் 170 பிக்சல்தான் அடங்கும். ஆகவே இரண்டு தொகுதி. வயரை வளைத்து வளைத்து ஓட்டியிருந்தால் மென்பொருளிலும் அப்படியே சொல்ல வேண்டும். மறந்தால் மயில் குப்புற விழும்!

"ஒரு ஆளால முடியுமா?" என்பீர்கள். ஏன் ஒரு ஆள்? சட்டம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு, சப்ளை எலக்ட்ரிக்கலுக்கு, சிக்னல் எலக்ட்ரானிக்ஸுக்கு, மென்பொருள் கம்ப்யூட்டருக்கு. நம் மாணவர் மன்றமே இதை முன்னின்று நடத்தட்டும். ஊரில் சீரியல் செட் கட்டும் அண்ணன்களையும் ஒரு நாள் அழைத்து, அவர்கள் கைப்பழக்கத்தைக் கேட்டுக்கொள்வோம். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அடுத்த ஆண்டு விழா மேடையில் நாம் செய்த பலகை எரியட்டும். "எப்படிடா செஞ்சீங்க?" என்று கேட்டால், நம்மில் யாரும் பதில் சொல்ல வேண்டும். டிப்ளமோவுக்கு அதைவிட வேறென்ன மதிப்பு?

வாங்குவதை நிறுத்துவோம்! செய்து பழகுவோம்!