குளிருக்குக் காரணம் வீட்டின் வயதல்ல

வண்டிப்பெரியார் பக்கம் ஆடி மழை பிடித்தால் கூடவே ஒரு பேச்சும் கிளம்பும். "பழைய வீடுன்னா குளிரத்தான் செய்யும். அதுல காசைப் போடாதே. முடிஞ்சா இடிச்சுட்டுக் கான்கிரீட் போடு, முடியலன்னா ஹீட்டர் வாங்கு." லயத்தில், அதாவது தோட்டக் கம்பெனியின் வரிசை வீடுகளில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், டவுனில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். கொளுந்து எடுத்துச் சேர்த்த பணமும் சங்கத்துக் கடனும் இந்த ஒரு பேச்சை நம்பிக் கரைந்துபோகின்றன. அதில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஹீட்டர். கடையில் கிடைக்கும் சாதாரண ரூம் ஹீட்டர் 2000 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். இரவுக்கு 4 மணி நேரம் என்று வைத்தால் மாதம் 240 யூனிட். கேரள மின்வாரியக் கணக்கில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலைதான். விளக்கும் மிக்ஸியும் டிவியும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்டாத வீடு இருக்காது.

பணம் போனாலும் அறை சூடானால் சரி என்று விடலாம். ஆனால் சூடாவதில்லை. நம்மூர்க் குளிர் ஊட்டிக் குளிரைப் போல உறைபனிக் குளிர் இல்லை, ஈரக் குளிர். பழைய லயத்துக்குள் போய்ச் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். இடுப்பு உயரம் வரை கருத்து, உப்புப் பூத்து, சுண்ணாம்பு தோல் உரிந்து கிடக்கும். ஒரு லிட்டர் ஈரம் ஆவியாக ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஹீட்டர் கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கை நனைந்த சுவர் குடித்துவிடும், மிச்சம் தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியே வெளியேறிவிடும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். மேட்டை வெட்டிக் கட்டிய வரிசைகளில் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே ஒரு வடிகால் விட்டிருப்பார்கள். வருஷக்கணக்கில் மண் சரிந்து, இலை மக்கி, அது மூடிப்போயிருக்கும். சில இடங்களில் வெளிமண் வீட்டுத் தரையைவிட உயரத்தில் நிற்கும். கூரைத் தண்ணீர் நேராகச் சுவரோரமே விழும். மண்வெட்டியோடு இரண்டு ஆள் இறங்கி அந்த வடிகாலைத் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டு, கூரை ஓரத்தில் தகரப் பீலி அடித்துத் தண்ணீரைத் தள்ளி இறக்கினாலே ஒரு மழைக்காலத்துக்குள் மாற்றம் தெரியும். உரிந்த இடத்தில் சிமென்ட் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய கல்சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமென்டாலும் பளபள பெயின்டாலும் அதை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புக் காரையே அந்தச் சுவருக்குச் சரி.

அடுத்து, "அடுப்புச் சூடு இருக்கே, புகைதானே, அது கூரைக்கும் நல்லது" என்பது. கவாத்து விறகு எரியும் அடுப்புதான் பல வீடுகளுக்கு உண்மையான ஹீட்டர், அதை மறுக்க முடியாது. ஆனால் ஈர விறகும் புகைபோக்கி இல்லாத அடுப்பும் பெண்களின், குழந்தைகளின் நுரையீரலை அரிக்கின்றன. இதற்குக் கேரளத்திலேயே விடை கண்டிருக்கிறார்கள். சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1980களில் வீடுவீடாகக் கொண்டுபோன பரிஷத் அடுப்பு விறகைக் குறைத்தது, புகையைக் குழாய் வழியே வெளியேற்றியது. அந்த இயக்கம் 1987-ல் பாலக்காடு முண்டூரில் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையம் இப்போதும் இருக்கிறது. மத்திய அரசும் 1983 முதல் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது. பிறகு ஏன் பல இடங்களில் பயன் நிலைக்கவில்லை? ஒடிசாவில் பொருளியலாளர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், முதல் ஆண்டில் குறைந்த புகை பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. அடுப்பைப் பராமரிக்கவும் ஒழுங்காகப் பயன்படுத்தவும் ஆளில்லாமல் போனதே காரணம். கரி அடைத்த குழாயை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், விறகைப் பரணில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். இரண்டும் செய்தால் அடுப்பு வேலை செய்யும். ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூடாது: கதவைச் சாத்திய அறைக்குள் கரிச்சட்டி. 2024-ல் கொடைக்கானலில் அறைக்குள் கரி மூட்டி வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் உயிரோடு எழவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

"கான்கிரீட் போட்டா எல்லாம் தீரும்." தீர்ந்திருந்தால் குமுளி ரோட்டில் வரிசையாக நிற்கும் தளம் போட்ட வீடுகளின் தலையில் எதற்கு இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போடுகிறார்கள்? பங்குனி வெயிலை உறிஞ்சிய தளம் ராத்திரி அதைப் படுக்கைமேல் இறக்குகிறது, மழையில் கசிகிறது, உட்பக்கம் வேர்த்துக் கரும்பூஞ்சணம் பிடிக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்தபின் மறுபடியும் கூரை. அதற்குப் பதில் பழைய வீட்டுத் தகரக் கூரையின் கீழேயே மூங்கில் பாயோ பலகையோ வைத்து ஒரு மச்சு அடித்து, இருபுறமும் முகட்டுச் சுவரில் காற்று போக வழி விட்டால், பகல் வெக்கையும் மார்கழி இரவில் தகரம் வேர்த்துச் சொட்டுவதும் சேர்ந்தே அடங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளை போடவோ உரசவோ வேண்டாம், அந்தத் தூள் புற்றுநோய் தரும். மச்சைக் கூரையில் மாட்டாமல் சுவரில் தனியாகத் தாங்கி நிறுத்துங்கள்.

பகல் வெக்கைக்கு ஏசி வேண்டும் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது பாலக்காட்டுக்கு. அங்கே பேசும் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. மச்சும் மின்விசிறியும் இந்த மலைக்குப் போதும்.

கடைசியாக, என்னை மிகவும் வருத்துவது: "கம்பெனி வீட்டுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?" செலவு தொழிலாளியுடையது இல்லை என்பது சரி. வீட்டைக் கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொன்னது. 1981 திருத்தம், வீடு இடிந்து உயிர் போனால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பையும் அவர் தலையில் வைத்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் வீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான். அப்படியிருந்தும் ஏலப்பாறை கோழிக்கானத்தில் லயத்தின்மேல் மண் சரிந்து விழுந்து ஒரு பெண் தொழிலாளி இறந்தார். விரிசல் விட்டுச் சாய்ந்த சுவருக்கு வடிகாலும் மச்சும் பரிகாரம் ஆகாது. அந்த வீட்டை உடனே காலி செய்து வேறு வீடு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நேராக நிற்கிற வீடுகளையும் "பழசு" என்று பட்டியலில் சேர்த்து, புது வீடு வரும் வரை ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு இந்தப் பேச்சுதான் சாக்காகிறது. 2022-23 கேரள பட்ஜெட்டில் லயங்களைச் செப்பனிட 10 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இப்படி வரும் பணத்தை முதலில் வடிகாலுக்கும் பீலிக்கும் மச்சுக்கும் புகைபோக்கிக்கும் கேளுங்கள். கேட்கும்போது மாதத்தையும் சேர்த்து எழுதிக்கொடுங்கள்: வேலை சித்திரையில் தொடங்கி இடவப்பாதிப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும். மழை தொடங்கியபின் பூசும் சுண்ணாம்பு சுவரில் பிடிக்காது.