ஆச்சியின் காதை அழித்தது நான்தான்!

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். ஆச்சியின் கடைசி மூச்சை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரவு முழுக்க ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. விடியக்காலம் அம்மா ஒரு சொட்டுப் பால் விட்டாள். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். "ஃப்ளெக்ஸ் அடிக்கணும்மா. நீதான பத்திரிகைல இருக்க, ஆச்சி போட்டோவ நல்லா பண்ணிக் குடு."

தினமும் செய்கிற வேலைதானே! அழுதுகொண்டே மொபைலில் முகத்தை வெளுப்பாக்கினேன், சுருக்கங்களை எடுத்தேன். பாம்படம் போட்டுத் தோள் வரை தொங்கிய காது மடலையும் அழித்துச் சின்னதாக்கிவிட்டேன்.

பத்து மணிக்கு வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஆச்சியோடு காலமெல்லாம் பருத்தி எடுத்த பாட்டி ஒருத்தர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு தாயி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இத்தனைக்கும் 2024-ல் வந்த 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, அழகு என்ற பெயரில் பெண்களைப் படுத்தும் பாட்டைப் பற்றிக் கோபமாக எழுதியவள் நான். கோராலி ஃபார்ஜா இயக்கிய அந்தப் படத்தில், வெளியே கிளம்பும் டெமி மூர் கண்ணாடி முன்னால் மேக்கப்பைப் போட்டுப் போட்டு அழிப்பார். கடைசியில் வீட்டைவிட்டுப் போகவே மாட்டார். பாவம் என்று நினைத்தேன். அதே வேலையை ஆச்சிக்கு நானே செய்திருக்கிறேன்.

ஆச்சி காலத்தில் தொங்கும் காதுதான் அழகு. சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி, வலிக்க வலிக்க வளர்த்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே பட்டிக்காடு ஆனது. பல பெண்கள் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். அதற்கும் வலித்திருக்கும். 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரை மாற்றிக்கொண்டது. என் விரல் மட்டும் இன்னும் 'வெளுப்பு' பட்டனைத்தான் தேடுகிறது.

ராம் சங்கையாவின் 'தண்டட்டி' (2023) படத்தில், இறந்த கிழவி காதில் கிடந்த நகை இழவு வீட்டில் காணாமல்போகும். எங்கள் வீட்டில் நகை பத்திரமாகத்தான் இருந்தது. காதைத்தான் நான் காணாமல் ஆக்கிவிட்டேன்.

நீர்மாலை எடுத்து வந்து பெண்கள் ஆச்சியைக் குளிப்பாட்டினார்கள். சித்தி அந்தக் காது மடலை உள்ளங்கையில் ஏந்தி, குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்தாள். கரிசல் மண் நிறத்தில், வெயிலில் வெடித்த பாதங்களில் மஞ்சள் பூசினார்கள். எழுபது வருடம் காட்டில் உழைத்த உடம்பு. அதில் திருத்துவதற்கு எதுவுமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பழைய படத்தையே கொடுத்தேன், கை வைக்காமல். அந்தப் பாட்டி வந்து பார்த்தார். படத்தில் இருந்த காதைத் தொட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டுப் பாட்டியையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஃபில்டர் வேண்டாம்.