பிழைச் செய்தி தமிழிலும் வரட்டும்

பிள்ளை பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புத் தொழிலாளிக்கு ஒரு பெருமிதம் உண்டு. 2018-இல் வந்த பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்புக்கு சி++ வைத்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. பாடநூல் தமிழில் இருக்கிறது. ஆனால், நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டர் அந்தப் பிள்ளையை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. அதைச் சரிசெய்வது பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு.

ஆய்வகத்தில் நடப்பதைப் பாருங்கள். பாடநூலில் >>> என்ற குறியோடு அச்சாகியிருக்கும் வரியை மாணவி அப்படியே கோப்பில் அடிக்கிறாள். பிழை. அந்தக் குறியைப் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் தானே போட்டுக்கொள்ளும், நாம் அடிக்கக் கூடாது என்று திரையின் எந்த மூலையிலும் எழுதியிருக்காது. இன்னொருவன் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபிலிருந்து நிரலை நகலெடுத்து ஒட்டுகிறான். மேற்கோள் குறி வளைந்த குறியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. திரையில் ‘இன்வாலிட் கேரக்டர்’ என்று வருகிறது, பக்கத்தில் யூ+201சி என்றொரு சங்கேதம். சி++-இல் ஆறாம் வரியின் அரைப்புள்ளி விட்டுப்போனால் பழைய கம்பைலர் ஏழாம் வரியைக் கைகாட்டும். ஏழாம் வரியில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளை அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து முதலிலிருந்து அடிக்கும். ஓடிவிட்டால் நிம்மதி. செய்முறைத் தேர்வுக்கு நிரலை மனப்பாடம் செய்யும் வழக்கம் இங்கேதான் வேர்விடுகிறது. சென்னையில் மாடிவீட்டு அண்ணன் ஐடி கம்பெனியில் இருப்பார், போய்க் கேட்கலாம். மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் ஆய்வக மணி அடித்துவிட்டால் கேட்க ஆளில்லை.

பிழைச் செய்தி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது விதியல்ல. மூன்றாம் வரியில் திறந்த அடைப்புக்குறியை மூட மறந்தால், பைத்தானின் பழைய பதிப்புகள் அடுத்த வரியைக் காட்டி ‘இன்வாலிட் சின்டாக்ஸ்’ என்று கைகழுவிவிடும். 2021-இல் வந்த 3.10 பதிப்பு மூன்றாம் வரியையே காட்டி, இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்கிறது. பைத்தானை உருவாக்குபவர்களே இறங்கிவந்து திருத்திக்கொண்டார்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி என்ற எடிட்டர் இன்னும் ஒரு படி மேல். மேலே நிரல், கீழே விடை. பைத்தானும் கூடவே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டியதில்லை. நிரலை ஒவ்வொரு அடியாக ஓட்டி, மாறியின் மதிப்பு எங்கே மாறுகிறது என்று பார்க்கலாம். பிழை வந்தால், என்ன தவறியிருக்கலாம் என்று விளக்கும் பகுதியும் உண்டு. இலவசம், மூலநிரலும் திறந்தது. அந்த விளக்கங்களைத் தமிழில் எழுதிச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நிரல்மொழியையே தமிழாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ அதைச் செய்தே காட்டியது. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்று தமிழிலேயே நிரல் எழுதலாம். மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால், தேர்வும் வேலையும் சி++-இலும் பைத்தானிலும் இருக்கும்போது, பள்ளி மாணவருக்கு உடனடித் தேவை வேறு. கட்டளைச் சொற்கள் சில டஜன்தான், ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது பிழைச் செய்தியின் ஆங்கிலம். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கப் பைத்தான் 3 ஏற்கெனவே இடம் தருகிறது. தேங்காய் = 120 என்று எழுதினால் ஓடும். இதைப் பாடநூலில் ஒரு பக்கம் சொல்லிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

எப்படியும் ஆங்கிலம் தெரிந்துதானே ஆக வேண்டும் என்பது அடுத்த வாதம். தெரிய வேண்டும்தான். ஆங்கிலச் செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. அதன் கீழே தமிழும் வரட்டும் என்கிறோம். தினமும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் சீக்கிரம் பிடிபடும்.

எளிமை என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு முழு நிரலையும் எழுதித் தருவதை நாம் ஏற்கவில்லை. முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மீதி பத்து வரியை நீட்டும் எடிட்டரில் பிழையே வராது, பாடமும் வராது. பள்ளிக் கணினிகளில் அந்த வசதி அணைத்தே வைக்கப்பட வேண்டும்.

பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படும் வேலை அல்ல இது. தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழைகள் திரும்பத் திரும்பச் சில வகைகளுக்குள்தான் சுழல்கின்றன. ஒரு பருவம் முழுக்க ஆய்வக ஆசிரியர்கள் அவற்றைக் குறித்து அனுப்பட்டும். பட்டியலைத் தொகுத்து எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கையில் இருக்கட்டும். தமிழ் விளக்கங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுதட்டும். எழுதியதை முதலில் சோதிக்கத் தலைநகர் வேண்டாம். காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் அய்யம்பாளையத்துக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் வந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரட்டும். எந்த வாக்கியம் அவர்களுக்குப் புரியவில்லையோ அதைத் திருத்தி எழுதிய பிறகே மற்ற மாவட்டங்களுக்கு அனுப்ப வேண்டும்.