யாருடைய குலவரலாறு?

அத்தியா ஹுசைன் என்னும் ஆங்கில எழுத்தாளரைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் இலக்கிய அன்பர்கள் முதற்கண் அவர்தம் குடும்பப் பெருமையையே எடுத்துரைக்கின்றனர். 1913இல் லக்னோவில் பிறந்தவர். அவத் நாட்டு முஸ்லிம் தாலுக்தார் குடியினர். அக்குடிப் பெண்களுள் முதற் பட்டதாரி. வீட்டிலேயே பாரசீகமும் அரபும் கற்றவர். சொல்லும்போதே அவர்களுக்குக் குரல் தழுதழுக்கிறது. அம்மாளிகைகள் சரிந்தமைக்காகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நானும் கண்ணீர் உகுக்க வேண்டுமாம். உகுக்க மாட்டேன்.

தாலுக்தார் என்பவர் யார்? 1856இல் கும்பினியார் அவத்தை விழுங்கினர். மறு ஆண்டே கிளர்ச்சி மூண்டது. 1858 மார்ச்சில் கானிங் பிரபு, ஒரு சிலர் நீங்கலாக, அந்நாட்டு நிலவுரிமை அனைத்தும் பறிமுதல் என்று அறிவித்தார். பின்னர்ப் பணிந்து வந்தோர்க்கு அந்நிலத்தையே ‘சனது’ என்னும் பட்டயம் தந்து மீள அளித்தார். 1869ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பெயர்களைப் பட்டியலிட்டு உறுதிசெய்தது. குடி பழையதாயிருக்கலாம், உரிமை நின்றது வெள்ளையன் கையொப்பத்தின்மேல்! இதில் சமயத்துக்கு இடமில்லை. தாலுக்தார்களுள் இந்துக்களும் பலர். நசுங்கிய உழவருள் முஸ்லிம்களும் பலர்.

அம்மாளிகைகளுக்குப் பொருள் வந்த வழியைக் கேளுங்கள். குத்தகை நிலைக்க வேண்டுமானால் உழவன் ‘நசரானா’ செலுத்த வேண்டும். கூலியின்றி உழைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் ‘பேகார்’ என்று பெயர். தலைவர் யானை வாங்கினால் ‘ஹாத்தியானா’ என்றொரு வரி. மோட்டார் வாங்கினால் அதற்கும் ஒரு வரி. யானை மீது அமர்ந்தவரின் வம்சாவளி நூலேறியது. யானைக்குப் பணம் கொடுத்தவனின் பாட்டன் பெயர் எந்த நூலில் உள்ளது?

அவ்வுழவர்களை 1920இல் திரட்டிய பாபா ராமச்சந்திரர் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து மீண்டவர். எங்களைப் போன்ற தோட்டக்காரர்! அவரைப் பற்றி நம் கூட்டங்களில் ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

அத்தியா ஹுசைனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1947இல் இங்கிலாந்து சென்ற அவர், 1953இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியில் வேலைக்காரர்களின் துயரையும் எழுதினார். 1961இல் வெளிவந்த நாவலில் தம் குடியையே கேள்விக் கண்ணோடு நோக்கினார். நம்மவர்கள் கம்பளத்தையும் வெற்றிலைப் பெட்டியையும் படித்தனர். அவற்றைத் துடைத்த கைகளைக் காணாது பக்கங்களைப் புரட்டிவிட்டனர்.

இனி நம் மலைக்கு வருவோம். 1929இல் ரஸ்ஸல் துரை இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் குடும்பத்து வரலாறு அச்சில் கிடைக்கிறது. காடழித்து, சரிவு வெட்டி, கன்று நட்ட தமிழர்க்கு என்ன கிடைத்தது? விடியற்காலைப் பெரட்டில் வாசிக்கப்பட்ட பெயரும் செக்ரோலில் ஓர் எண்ணும். 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் கடல்கடந்து வருவதை நிறுத்தியது. ஊர்த்தொடர்பு மெல்ல மெல்ல அறுந்தது. என் பாட்டனார் ஊர் ‘முசிறிப் பக்கம்’. அவ்வளவே எங்கள் குலவரலாறு. முசிறிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ள என் தந்தையாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இன்று இம்மலையில் கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர். நம்மவர் லயங்களை விட்டுத் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டனர். எஞ்சியோர் சிலரே. எழுத்தாளர் சங்கத்து அன்பர்களே, அடுத்த ஆய்வரங்குக்கு இன்னுமொரு நவாப் வீட்டைத் தேடுமுன், ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் இறங்கிப் பாருங்கள். எங்கள் பழைய லயத்துக் கடைசி வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். எந்தக் கங்காணியோடு யார் யார் வந்தனர், எந்தச் சரிவில் யாருடைய குழந்தை புதைக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. சென்ற மாதம் படுத்த படுக்கையாகிவிட்டார்.